மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? பெட்டியின் மேல் இருக்கும் சொற்களுக்கு அர்த்தம் இதுதான்!

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம். புடவை வாங்கும்போது விரலால் தடவிப் பார்க்கிறோம்.

கம்ப்யூட்டர் மானிட்டர் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஒடித்துப் பார்க்க முடியாது. தட்டினால் சத்தம் வராது. தடவினால் ஒன்றும் தெரியாது!

பெட்டியின் மேல் சில சொற்களும் எண்களும் அச்சிடப்பட்டு இருக்கின்றன. அவற்றைப் படித்துத்தான் சரக்கை எடை போட வேண்டும்.

"24 இன்ச், ஃபுல் எச்.டி., ஐ.பி.எஸ்., 100 ஹெர்ட்ஸ், 1 எம்.எஸ்.!" என்று கடையில் மளமளவென்று சொல்வார்கள். கேட்பவர்களில் பலர் தலையை ஆட்டுவார்கள். பிறகு, "எதில் நம்பர் பெரிதாக இருக்கிறதோ, அதைக் கொடுங்கள்" என்பார்கள்.

பணம் வீணாவது இந்த இடத்தில்தான்!

மானிட்டர் ஒரு நாள் கூத்துக்கு வாங்கும் பொருள் அல்ல. பல ஆண்டுகள் வீட்டில் இருக்கப் போவது. பள்ளிக்கூடம் போகும் பெண், காலேஜ் முடித்து வேலைக்கு மனுப் போடும் வரை அதன் முன்னால்தான் உட்காரப் போகிறாள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் அதில் இருக்கிறது. பிள்ளைகளின் கண்ணும் அதில் இருக்கிறது.

அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் அளவு. எதை அளக்கும் அளவு என்று தெரிந்துவிட்டால், எது நமக்கு வேண்டும், எது வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூலைக்கு மூலை

முதல் சொல், இன்ச். அதாவது அங்குலம். ஓர் அங்குலம் என்பது 2.54 சென்டிமீட்டர்.

"24 அங்குல மானிட்டர்" என்றால் என்ன? அகலம் 24 அங்குலமா? இல்லை. உயரமா? அதுவும் இல்லை.

திரையின் ஒரு மேல் மூலையில் நூலைப் பிடியுங்கள். எதிரே இருக்கும் கீழ் மூலை வரை குறுக்காக இழுங்கள். அந்த நூலின் நீளம்தான் 24 அங்குலம்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

பழைய மானிட்டர்கள் ஏறக்குறையச் சதுரமாக இருந்தன. இப்போது வருபவை அகலமானவை. அகலம் 16 பங்கு என்றால், உயரம் 9 பங்கு. பெட்டியில் "16:9" என்று போட்டு இருப்பது இதைத்தான்.

பழைய 19 அங்குல மானிட்டர்கள் பலவற்றின் உயரம், சுமார் 30 சென்டிமீட்டர். இன்றைய 24 அங்குல அகல மானிட்டரின் உயரம் எவ்வளவு? அதுவும் சுமார் 30 சென்டிமீட்டர்தான்!

"எங்கள் வீட்டில் இருப்பது 19. நான் 22 வாங்குகிறேன். பெரிதாகத்தானே இருக்கும்?" என்று ஒருவர் வாங்கினால் என்ன ஆகும்? அகலம் கூடும். உயரமோ சுமார் 3 சென்டிமீட்டர் குறைந்துவிடும். சினிமா பார்க்க அது பரவாயில்லை. கடிதம் படிப்பவருக்கும், கணக்கு எழுதுபவருக்கும் ஒரே பார்வையில் தெரியும் வரிகள் குறையும்.

ஆகவே, குறுக்களவை மட்டும் பார்த்தால் போதாது. திரையின் உயரத்தையும் அகலத்தையும் பாருங்கள். 24 அங்குலத்தின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். 27 அங்குலத்தின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். வீட்டு மேஜையை அளந்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

புள்ளிகளின் கதை

வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறோம். மானிட்டரில் தெரியும் படமும் புள்ளிக் கோலம்தான். அந்தப் புள்ளிக்கு "பிக்ஸல்" என்று பெயர். எத்தனை புள்ளிகள் என்று சொல்வதுதான் "ரெசல்யூஷன்".

"1920 × 1080" என்றால், ஒரு வரிசையில் 1,920 புள்ளிகள். அப்படி 1,080 வரிசைகள். பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 20,73,600 புள்ளிகள்! இதற்குத்தான் "ஃபுல் எச்.டி." என்று பெயர்.

"2560 × 1440" என்றால், 36,86,400 புள்ளிகள். இது "கியூ.எச்.டி.". சில கடைகளில் "2கே" என்பார்கள்.

"3840 × 2160" என்றால், 82,94,400 புள்ளிகள். இதுதான் "4கே". ஃபுல் எச்.டி.யைப் போல் சரியாக நான்கு மடங்கு.

1987-ம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனி "வி.ஜி.ஏ." என்ற முறையைக் கொண்டு வந்தது. அதில் 640 × 480 புள்ளிகள். மொத்தம் 3,07,200 தான். அன்று அதுவே பெரிய அதிசயம்!

புள்ளி கூடினால் படம் தெளிவாகும். ஆனால், புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். எவ்வளவு பெரிய திரையில் அத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

24 அங்குலத் திரையில் ஃபுல் எச்.டி. இருந்தால், ஓர் அங்குல நீளத்தில் சுமார் 92 புள்ளிகள் இருக்கும். அதே ஃபுல் எச்.டி.யை 27 அங்குலத் திரையில் பரப்பினால்? ஓர் அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளிகள்தான்! கால் கிலோ வெண்ணெயைப் பெரிய ரொட்டியில் தடவியது போல் ஆகிவிடும்.

எழுத்தின் ஓரம் சற்றுப் பிசிறு தட்டும். தமிழில் சுழி, கொம்பு, புள்ளி எல்லாம் நுட்பமானவை. நாள் முழுவதும் படிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியும்.

பொதுவாக, 22 அல்லது 24 அங்குலத்துக்கு ஃபுல் எச்.டி. பொருத்தம். 27 அங்குலம் வாங்குவதானால் கியூ.எச்.டி. பொருத்தம். அதில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 109 புள்ளிகள் கிடைக்கும். 27 அங்குல ஃபுல் எச்.டி.யில் எழுத்து பெரிதாகத் தெரியும் என்பது உண்மை. வயதானவர்கள் சிலர் அதையே விரும்பலாம். தெளிவு குறையும் என்பதைத் தெரிந்து வாங்கினால் தவறு இல்லை.

"4கே சப்போர்ட்" என்று ஒரு பெட்டியில் போட்டு இருக்கலாம். அதை நம்பிவிடக் கூடாது. "4கே படத்தை அனுப்பினால் ஏற்றுக்கொள்வேன்" என்பதுதான் அதன் பொருள். திரையில் அத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று பொருள் அல்ல!

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நேட்டிவ் ரெசல்யூஷன் என்ன?"

நேட்டிவ் ரெசல்யூஷன் என்றால், திரையில் உண்மையிலேயே இருக்கும் புள்ளிகளின் கணக்கு. வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரிலும் அதே அளவைத்தான் வைக்க வேண்டும். வேறு அளவு வைத்தால், நல்ல மானிட்டரிலும் எழுத்து மங்கலாகத் தெரியும். மானிட்டர் மோசம் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

எல்.சி.டி.யா, எல்.இ.டி.யா?

"இது பழைய எல்.சி.டி. அல்ல, புது எல்.இ.டி.!" என்று விற்பது உண்டு. இரண்டும் வேறு வேறு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை என்ன?

கடையில் எல்.இ.டி. மானிட்டர் என்று விற்கப்படுவதும் எல்.சி.டி. மானிட்டர்தான்!

எல்.சி.டி. என்பது திரவப் படிகத் திரை. இதன் கதை 1888-ம் ஆண்டில் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. பிரிடரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவர விஞ்ஞானி, பிராக் நகரத்தில் ஆராய்ச்சி செய்து கொண்டு இருந்தார். கேரட்டில் இருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடாக்கினார். அது 145 டிகிரி சூட்டில் உருகியது. ஆனால், தெளிவாக இல்லை, கலங்கலாக இருந்தது. மேலும் சூடாக்கினார். 178 டிகிரியைத் தாண்டியதும் தெளிந்துவிட்டது!

ஒரே பொருள் இரண்டு முறை உருகுமா? அவருக்குப் பெரிய ஆச்சரியம். ஓட்டோ லேமன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானிக்கு எழுதினார். கலங்கலாக இருந்த அந்த நிலை, திரவம் போல ஓடியது. படிகம் போல ஒளியை வளைத்தது. அதுவே திரவப் படிகம்.

80 ஆண்டுகள் கழித்து, 1968-ல், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி திரவப் படிகத்தால் செய்த திரையை உலகத்துக்குக் காட்டியது. ஜார்ஜ் ஹைல்மையர் என்ற விஞ்ஞானியின் குழு அதைச் செய்தது.

திரவப் படிகம் தானாக ஒளிவிடாது. அது ஜன்னல் கதவு போன்றது. பின்னால் ஒரு விளக்கு எரிந்து கொண்டே இருக்கும். மின்சாரத்தால் படிகம் திறந்தும் மூடியும் ஒளியை விடும், தடுக்கும்.

முன்பு அந்தப் பின் விளக்கு, மெல்லிய டியூப் லைட்டாக இருந்தது. பிறகு அந்த இடத்துக்கு எல்.இ.டி. விளக்கு வந்தது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததால்தான் வெள்ளை எல்.இ.டி. விளக்கு பிறந்தது. அதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய 3 விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மாறியது விளக்கு மட்டும்தான். கதவு அதேதான்!

"ஓ.எல்.இ.டி." என்பது மட்டும் வேறு. அதில் பின் விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். கறுப்பு என்றால் புள்ளி அணைந்துவிடும். படம் மிக அழகாக இருக்கும். விலையும் அதிகம். ஒரே படம் பல மணி நேரம், பல மாதங்கள் அசையாமல் நின்றால், அதன் தடம் திரையில் தங்கிவிடக் கூடும். ஆபீஸ் வேலைக்கு அது அவசியம் இல்லை.

மூன்று எழுத்து வகைகள்

திரவப் படிகத் திரையில் மூன்று வகைகள் உண்டு. டி.என்., ஐ.பி.எஸ்., வி.ஏ.

டி.என். என்பது மூன்றில் பழையது, மலிவானது. நேராக உட்கார்ந்து பார்த்தால் சரியாகத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தால் நிறம் மாறும். கீழே இருந்து பார்த்தால் படம் கறுத்துப் போகும்.

ஐ.பி.எஸ். அப்படி அல்ல. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ஒரே மானிட்டர் முன்னால் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து படிக்கும் வீடுகளுக்கு இது ஏற்றது. ஆனால், இருட்டு அறையில் கறுப்பு நிறம் சற்றுச் சாம்பலாகத் தெரியும்.

வி.ஏ. வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சினிமா பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும். வேகமாக ஓடும் காட்சிகளில், இருண்ட இடங்களில் சற்று இழுவை தெரியலாம்.

ஆகவே, படிப்புக்கும் பொது வேலைக்கும் ஐ.பி.எஸ். நல்ல தேர்வு.

ஹெர்ட்ஸ் என்பவர் யார்?

ஹெர்ட்ஸ் என்பது ஒரு மனிதரின் பெயர்! ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி. 1857-ல் பிறந்தார், 1894-ல், 36-வது வயதில் மறைந்தார். ரேடியோ அலைகள் உண்டு என்று சோதனை செய்து காட்டியவர் அவர்தான். அவர் நினைவாகத்தான், ஒரு வினாடிக்கு எத்தனை முறை என்ற கணக்குக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

"60 ஹெர்ட்ஸ் மானிட்டர்" என்றால், ஒரு வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்று பொருள். 100 ஹெர்ட்ஸ் என்றால் 100 முறை. 144 ஹெர்ட்ஸ் என்றால் 144 முறை.

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள்தான் ஓடுகின்றன. அப்படியானால் 144 எதற்கு?

விளையாட்டுக்கு! கம்ப்யூட்டரில் கார் ஓட்டுபவர்களுக்கும் ஓடி ஓடிச் சுடுபவர்களுக்கும் அசைவு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு வேகம் வேண்டும். கம்ப்யூட்டரும் அத்தனை படங்களைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டரால் அந்த விளையாட்டுகளில் அது முடியாது.

பாடம் படிக்கவும் கடிதம் அடிக்கவும் 60 போதும். 75, 100 கிடைத்தால் பக்கங்கள் நகரும்போது கண்ணுக்குச் சற்று இதமாக இருக்கும். விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் வாங்கலாம். கடன் வாங்கி 144 வாங்க வேண்டியது இல்லை!

எம்.எஸ். என்றால் என்ன?

எம்.எஸ். என்பது மில்லி செகண்ட். ஒரு வினாடியை 1,000 துண்டாக்கினால் ஒரு துண்டு.

ஒரு புள்ளி ஒரு நிறத்தில் இருந்து இன்னொரு நிறத்துக்கு மாற எவ்வளவு நேரம் ஆகிறது? அதைத்தான் "ரெஸ்பான்ஸ் டைம்" என்கிறார்கள். இங்கே மட்டும் சிறிய எண் நல்லது. மெதுவாக மாறினால், ஓடும் பந்துக்குப் பின்னால் வால் போல ஒரு நிழல் தெரியும்.

ஆனால், இதை அளக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. ஒரே மானிட்டருக்கு ஒரு முறையில் 1 வரும்; இன்னொரு முறையில் 4, 5 வரும்! பெட்டியில் 1 என்று கொட்டை எழுத்தில் போட்டு இருப்பதாலேயே ஒன்று உயர்ந்தது ஆகிவிடாது. படிக்கவும் எழுதவும் 5 எம்.எஸ். தாராளம்.

வெளிச்சமும் கறுப்பும்

திரையின் வெளிச்சத்தை "நிட்" என்ற அளவால் சொல்கிறார்கள். வீட்டு அறைக்கு 250 முதல் 300 நிட் போதும். பெரிய ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம் கொட்டும் இடம் என்றால் 350 இருப்பது நல்லது.

மானிட்டரை ஜன்னலுக்கு எதிரே வைத்துவிட்டு, "வெளிச்சம் போதவில்லை" என்று விலை உயர்ந்தது வாங்குபவர்கள் உண்டு. மேஜையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் செலவு மிச்சம்!

"கான்ட்ராஸ்ட்" என்பது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம். "1000:1" என்றால், திரையின் வெள்ளை, அதன் கறுப்பைப் போல ஆயிரம் மடங்கு ஒளி உள்ளது என்று பொருள். ஐ.பி.எஸ். திரைகளில் பெரும்பாலும் 1000:1 இருக்கும். வி.ஏ. திரைகளில் 3000:1 இருக்கும்.

சில பெட்டிகளில் "ஒரு கோடிக்கு ஒன்று" என்று இருக்கும். உடனே மயங்கிவிடக் கூடாது. இருட்டுக் காட்சி வந்தால் பின் விளக்கையே மங்க வைத்து, வேறு நேரத்து வெளிச்சத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது. "டைனமிக்" என்ற சொல் பக்கத்தில் சிறிதாக இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு, சாதாரணக் கான்ட்ராஸ்ட் எவ்வளவு என்று கேளுங்கள்.

ஒன்றரைக் கோடிக்கும் மேலான நிறங்கள்

ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறு துண்டுகள் உண்டு. பொதுவாக ஒவ்வொன்றும் 256 படிகளில் கூடிக் குறையும். மூன்றையும் கலந்தால் 1,67,77,216 நிறங்கள்! பெட்டியில் "16.7 மில்லியன்" என்று போடுவது இதைத்தான்.

"எஸ்.ஆர்.ஜி.பி." என்பது நிறங்களுக்கு ஒரு பொது அளவு. எச்.பி., மைக்ரோசாப்ட் ஆகிய கம்பெனிகள் 1996-ல் வகுத்தன. "99 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி." என்று இருந்தால், நிறங்கள் ஏறக்குறைய உள்ளபடி தெரியும். துணிக் கடை, போட்டோ ஸ்டூடியோ, அச்சகம் வைத்து இருப்பவர்கள் இதைப் பார்த்தே வாங்க வேண்டும். திரையில் மெரூன் நிறத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவருக்குச் செங்கல் நிறத்தில் புடவை வந்தால், சண்டை யாருக்கு?

"எச்.டி.ஆர்." என்று ஒரு சொல்லும் உண்டு. மிக வெளிச்சமான இடத்தையும் மிக இருண்ட இடத்தையும் ஒரே காட்சியில் காட்டும் முறை அது. அதற்குத் திரையில் நல்ல வெளிச்சம் வேண்டும். 250 நிட் மானிட்டரில் "எச்.டி.ஆர். சப்போர்ட்" என்று போட்டு இருந்தால் பெரிய பயன் இல்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

பின்புறத் துளைகள்

இதில் தவறினால், வாங்கி வந்த மானிட்டர் வீட்டில் எரியாமலே உட்கார்ந்து இருக்கும்!

மானிட்டரின் பின்புறம் ஒயர் செருகும் துளைகள் இருக்கின்றன. "போர்ட்" என்று பெயர். முக்கியமானவை நான்கு.

வி.ஜி.ஏ. — பழையது. பெரும்பாலும் நீல நிறம். 15 ஊசிகள். இரண்டு பக்கமும் திருகு இருக்கும்.

எச்.டி.எம்.ஐ. — 2002-ல் வந்தது. படமும் ஒலியும் ஒரே ஒயரில் போகும். டெலிவிஷனில் இருப்பதும் இதுதான்.

டிஸ்ப்ளே போர்ட் — 2006-ல் வந்தது. ஒரு மூலை வெட்டியது போல இருக்கும்.

யு.எஸ்.பி. டைப்-சி — 2014-ல் வந்தது. செல்போனில் சார்ஜ் ஏற்றும் சிறு துளை. சில மானிட்டர்களில் இந்த ஒரே ஒயரில் லேப்டாப்புக்குப் படமும் போகும், சார்ஜும் ஏறும். ஆனால், எல்லா டைப்-சி துளையிலும் படம் வராது. கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

கடைக்குப் போகும் முன், வீட்டில் இருக்கும் சி.பி.யூ. பெட்டியின் பின்புறத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். அதைக் கடையில் காட்டினால் போதும். எந்த ஒயர் வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். பெட்டிக்குள் என்ன ஒயர் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

இன்னொன்று: பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது. டெலிவிஷன் போலப் பாட்டு கேட்கும் என்று எண்ணி வாங்கி ஏமாறக் கூடாது.

காலைப் பாருங்கள்!

திரையைப் பார்ப்பவர்கள் அதன் காலைப் பார்ப்பது இல்லை. "ஸ்டாண்ட்" என்பதுதான் கால்.

"டில்ட்" என்றால், முன்னும் பின்னும் சாய்க்கலாம். "ஹைட் அட்ஜஸ்ட்" என்றால், உயர்த்தலாம், தாழ்த்தலாம். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் சாய்க்க மட்டுமே முடியும்.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ, சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். மிகத் தாழ்வாக இருந்தால் கழுத்து வலி வரும். 10 வயதுப் பையனும் அவன் அப்பாவும் ஒரே மானிட்டரைப் பயன்படுத்தும் வீட்டில், உயர்த்தித் தாழ்த்தும் கால் பெரிய வரப்பிரசாதம். அது இல்லையா? இரண்டு கனமான புத்தகங்களை அடியில் வைத்தும் சமாளிக்கலாம்!

"வெசா 100 × 100" என்று போட்டு இருந்தால், பின்புறம் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றன என்று பொருள். சுவரில் மாட்ட உதவும்.

கண் கெடுமா?

தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது.

"ஃபிளிக்கர் ஃப்ரீ" என்று ஒரு சொல் உண்டு. சில மானிட்டர்கள், வெளிச்சத்தைக் குறைக்கும்போது பின் விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து எரிய விடும். கண்ணுக்கு நேராகத் தெரியாது. சிலருக்குத் தலைவலி தரும். ஃபிளிக்கர் ஃப்ரீ என்றால் அந்த மினுக்கல் இல்லை. இது கேட்டு வாங்க வேண்டிய ஒன்று.

"லோ புளூ லைட்" என்பது நீல ஒளியைக் குறைக்கும் வசதி. திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி கூறுகிறது. கண் களைப்பதற்குக் காரணம் வேறு. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது. கண் காய்ந்து போகிறது. எரிச்சல் வருகிறது.

இதற்கு மருந்து, காசு இல்லாத மருந்து! 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை, 20 வினாடி பார்க்க வேண்டும். திரைக்கும் கண்ணுக்கும் கை நீள தூரம் இருக்க வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த மானிட்டரும் இந்த ஓய்வுக்கு ஈடு ஆகாது. குழந்தை அடிக்கடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், மானிட்டரை மாற்றும் முன் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

செத்த புள்ளி

ஃபுல் எச்.டி. திரையில் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகள் மொத்தம் 62,20,800. இத்தனையில் ஒன்று வேலை செய்யாமல் போகலாம். அதற்கு "டெட் பிக்ஸல்" என்று பெயர். வெள்ளைத் திரையில் கறுப்புப் பொட்டு போலத் தெரியும்.

ஒன்றிரண்டு செத்த புள்ளிகளுக்கு மாற்றித் தர மாட்டோம் என்று பல கம்பெனிகள் விதி வைத்து இருக்கின்றன. அந்த விதி என்ன என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டும். முடிந்தால் கடையிலேயே திறந்து எரியவிட்டு, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து நிறங்களையும் திரை முழுக்கக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய மானிட்டர்களும் விலைக்குக் கிடைக்கின்றன. பணம் குறைவாக உள்ளவர்களுக்கு அதுவும் ஒரு வழிதான். வாங்கும்போது வெள்ளைத் திரையைக் காட்டச் சொல்லுங்கள். மஞ்சளாக இருக்கிறதா? ஓரத்தில் கறை தெரிகிறதா? பத்து நிமிடம் எரிந்த பிறகும் அப்படியே நிற்கிறதா? எந்தத் துளைகள் இருக்கின்றன? பார்த்து வாங்கினால் பயம் இல்லை.

புதிதோ பழையதோ, பில் இல்லாமல் வாங்கக் கூடாது. கியாரண்டி எத்தனை ஆண்டு, பழுதானால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

யாருக்கு எது?

படிக்கும் பிள்ளைகள், தட்டச்சு வேலை, கடைக் கணக்கு: 22 அல்லது 24 அங்குலம், ஃபுல் எச்.டி., ஐ.பி.எஸ்., ஃபிளிக்கர் ஃப்ரீ. இதற்கு மேல் கொடுக்கும் பணம் ஆசைக்குத்தான்; தேவைக்கு அல்ல.

நாள் முழுவதும் வீட்டில் இருந்தே வேலை செய்பவர்: 27 அங்குலம், கியூ.எச்.டி., உயர்த்தித் தாழ்த்தும் கால்.

நிறத்தை நம்பித் தொழில் செய்பவர்: 99 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி. உள்ள ஐ.பி.எஸ்.

விளையாட்டுப் பிரியர்: 144 ஹெர்ட்ஸ். ஆனால், கம்ப்யூட்டர் அதற்கு ஈடு கொடுக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கத்தரித்து வைத்துக் கொள்ளுங்கள்!

கடைக்குப் போகும்போது இந்த 8 கேள்விகளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்:

1. திரையின் அகலம், உயரம் எவ்வளவு?

2. நேட்டிவ் ரெசல்யூஷன் என்ன?

3. ஐ.பி.எஸ்.ஸா, வி.ஏ.யா, டி.என்.னா?

4. எத்தனை நிட் வெளிச்சம்? ஃபிளிக்கர் ஃப்ரீதானா?

5. எங்கள் சி.பி.யூ.வுக்குப் பொருந்தும் துளை இருக்கிறதா? ஒயர் கூடவே வருமா?

6. காலை உயர்த்தலாமா? ஸ்பீக்கர் உண்டா?

7. செத்த புள்ளி இருந்தால் மாற்றித் தருவீர்களா?

8. கியாரண்டி எத்தனை ஆண்டு?

இவற்றைக் கேட்க யாரும் வெட்கப்பட வேண்டாம். தெரியாததைக் கேட்பது தவறு அல்ல. பணம் உங்களுடையது, கேட்கும் உரிமையும் உங்களுடையதே!